பெயர் வைப்பதும் பேரேட்டில் ஏற்றுவதும்

சென்ற ஆண்டு மழைக்காலத்தில் ஜெர்மனியிலிருந்து என் பழைய மாணவி ஒருத்தி தொலைபேசியில் அழைத்தாள். நீலகிரியில் கோத்தகிரியை அடுத்த ஒரு ஹட்டியில், அதாவது படகர் சிற்றூரில், பிறந்து, நான் தமிழாசிரியராக இருந்த பள்ளியில் படித்து, செவிலியர் படிப்பை முடித்துக்கொண்டு அந்த நாட்டுக்குப் போனவள். இப்போது அந்நாட்டுக் குடியுரிமையும் பெற்றுவிட்டாள். பெண் குழந்தை பிறந்திருப்பதாகவும் ‘தென்றல்’ என்று பெயர் வைக்கப் போவதாகவும் சொன்னவள், அந்த மகிழ்ச்சியோடேயே ஓர் உதவியும் கேட்டாள். பதிவு அலுவலகத்தில் இருந்த அம்மையார் அப்படியொரு பெயரைக் கேள்விப்பட்டதே இல்லையாம். இந்தியாவில் பெண்களுக்கு வைக்கிற பெயர்தான் அது என்பதற்கு எழுத்துச் சான்று ஏதேனும் இருந்தால் கொண்டுவரச் சொன்னாராம். “ஐயா, நீங்க தமிழ் வாத்தியார்னு போட்டு ஒரு லெட்டர் கொடுத்தீங்கன்னா போதும், இங்கிலீஷ்ல இருக்கட்டும்” என்றாள். எழுதிக் கொடுத்தேன், பெயரும் பதிவாகிவிட்டது. ஓய்வுபெற்ற தமிழாசிரியரின் கையெழுத்துக்கு அந்த ஊரில் அவ்வளவு மதிப்பா என்று எங்கள் வீட்டில் சில நாள் கேலி நடந்தது.

கேலி அடங்கிய பிறகும் எனக்கு அந்த விஷயம் மனத்தை விட்டு அகலவில்லை. பணிக்காலம் முழுவதும் ஆண்டுதோறும் ஜூன் மாதத்தில் சேர்க்கைப் பதிவேட்டை விரித்து வைத்துக்கொண்டு பெயர் எழுதியவன் நான். படகர், தோடர், கோத்தர், இருளர், இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய தோட்டத் தொழிலாளர், சமவெளியிலிருந்து வந்த அரசு ஊழியர் என எல்லா வீட்டுப் பிள்ளைகளின் பெயர்களும் அந்த ஏட்டில் உண்டு. அவற்றுள் ஒரு பெயரையாவது ஏற்பதா மறுப்பதா என்று யோசிக்க வேண்டிய நிலை எனக்கு வந்ததில்லை. பெற்றோர் சொல்வார்கள், நாங்கள் எழுதுவோம். ஓர் அரசாங்கம் பிள்ளையின் பெயரைக் கையில் வாங்கிப் புரட்டிப் பார்த்துவிட்டு ‘இது சரிப்படாது’ என்று திருப்பிக் கொடுக்க முடியும் என்பதே எனக்குப் புதிதாக இருந்ததால், எந்தெந்த நாடு என்னென்ன காரணத்துக்காக அப்படிச் செய்கிறது என்று தேடிப் படிக்கத் தொடங்கினேன்.

ஜெர்மனியில் இன்னின்ன பெயர் கூடாது என்று அச்சிட்ட பட்டியல் எதுவும் சட்டத்தில் இல்லை. குழந்தையின் நலனுக்குக் கேடு விளைவிக்கும் என்று தோன்றும் பெயரைப் பதிவாளர் மறுக்கலாம். ஐயம் இருந்தால் லைப்சிக் பல்கலைக்கழகத்தின் பெயர் ஆலோசனை மையம் போன்ற இடங்களில் கருத்துக் கேட்கலாம். பெயரைக் கேட்டதும் ஆணா பெண்ணா என்று தெரிய வேண்டும் என்றொரு நடைமுறையும் அங்கே நெடுங்காலம் இருந்தது. அதை முடித்து வைத்தது நமக்கு நன்கு பழக்கமான ஒரு பெயர். இந்திய வம்சாவளிப் பெற்றோர் தங்கள் மகளுக்குக் ‘கிரண்’ என்று பெயரிட விரும்பியபோது, அது இருபாலாருக்கும் பொதுவான பெயராக இருக்கிறது என்று சொல்லிப் பதிவு மறுக்கப்பட்டது. வழக்கு அந்நாட்டு அரசியலமைப்பு நீதிமன்றம் வரை போயிற்று. சட்டத்தில் அப்படியொரு கட்டாயம் இல்லை என்றும், பெயரால் குழந்தையின் நலன் கெடும் என்று காட்ட முடிந்தால் மட்டுமே பெற்றோரின் விருப்பத்தில் அரசு தலையிடலாம் என்றும் 2008 டிசம்பரில் அந்த நீதிமன்றம் தீர்ப்பளித்தது. என் மாணவியின் மகள் எவ்விதத் தொல்லையும் இல்லாமல் பதிவானதற்கு அந்தக் கிரணுக்கும் ஒரு பங்கு நன்றி சொல்ல வேண்டும்.

ஐஸ்லாந்தில் நிலைமை வேறு. அங்கே 1991 முதல் மக்கட்பெயர்க் குழு ஒன்று இருக்கிறது. ஏற்கெனவே வழக்கில் இல்லாத புதுப் பெயரை வைக்க விரும்புகிறவர்கள் அந்தக் குழுவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். அந்தப் பெயர் ஐஸ்லாந்து மொழியின் வேற்றுமை உருபுகளை ஏற்குமா, அந்த மொழியின் நெடுங்கணக்கில் உள்ள எழுத்துகளால் எழுத முடியுமா, சுமப்பவருக்குச் சங்கடம் தருமா என்றெல்லாம் குழு ஆராயும். ஒரு பெண்ணுக்கு அவளுடைய தாய் ‘பிளைர்’ என்று பெயர் வைத்தார். இளங்காற்று என்பது பொருள். அது இலக்கணப்படி ஆண்பாற் சொல் என்று குழு மறுத்துவிட்டதால், அந்தப் பெண்ணுக்குப் பதினைந்து வயது ஆகும் வரை அரசு ஆவணங்களில் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ‘சிறுமி’ என்று மட்டுமே இருந்தது. 2013 ஜனவரியில் ரெய்க்யாவிக் நீதிமன்றம் அவள் பக்கம் தீர்ப்பளித்தது. 2019-இல் வந்த சட்டம் ஆண்பெயர், பெண்பெயர் என்ற பாகுபாட்டை அறவே நீக்கிவிட்டது. குழு மட்டும் இன்னும் இருக்கிறது. தென்றலை இங்கே பெண்ணுக்கு வைக்கிறோம், அங்கே அதன் உறவுக்காற்று ஆணாகிவிட்டது. இதற்காக ஒரு பிள்ளை பதினைந்து ஆண்டு பெயரில்லாமல் இருந்ததை எந்த இலக்கணத்தாலும் என்னால் நியாயப்படுத்த முடியவில்லை.

இலக்கணம் கற்பித்துப் பிழைத்தவன் இப்படிச் சொல்லலாமா என்று சிலர் கேட்கக்கூடும். நம் பிறப்புப் பதிவாளர் நன்னூலைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். ரகரமும் லகரமும் டகரமும் மொழிக்கு முதலில் வாரா. ரமேஷ், லதா, டேவிட், ரஹீம் எல்லாரும் வாசலிலேயே நின்றிருப்பார்கள். எங்கள் பள்ளியில் எனக்கு மூத்த தமிழாசிரியர் ஒருவர் இருந்தார். வருகைப் பதிவேட்டில் ‘இரமேசு’ என்றே எழுதுவார். அந்தப் பையன் ஆண்டு முழுவதும் அதைத் தன் பெயராக ஒப்புக்கொள்ளவில்லை. கூப்பிட்டால் பக்கத்துப் பையனைத் திரும்பிப் பார்ப்பான்.

நியூசிலாந்தின் இப்போதைய சட்டம் 2021-ஆம் ஆண்டினது. பிறர் மனம் நோகும்படியான பெயர், அளவுக்கு மீறி நீளமான பெயர், அரசுப் பதவியையோ பட்டத்தையோ ஒத்த பெயர் ஆகியவற்றை அங்கே பதிய முடியாது. அரசன், இளவரசன், நீதியரசர் என்னும் பொருள்தரும் ஆங்கிலப் பெயர்கள்தாம் அங்கு அடிக்கடி மறுக்கப்படுகின்றன. அந்த அதிகாரிக்குத் தமிழ் தெரிந்தால் நம் பாடு என்ன ஆகும்? ராஜா, ராணி, இளவரசி, மன்னர்மன்னன் என்று நாம் வீதிக்கு வீதி முடிசூட்டி வைத்திருக்கிறோம். நீலகிரித் தேயிலைத் தோட்டங்களில் ‘துரை’ என்றால் அது மேலாளரின் பட்டம்; அவருடைய மனைவி துரைசானி. அதே தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், இருந்து கொழுந்து எடுக்கும் பெண்ணின் மகன் துரைராஜாக வளர்ந்தான். எந்தத் துரையும் அதற்காகத் தன் பட்டத்தை இழந்ததாகத் தெரியவில்லை. பட்டத்தை ஆள்வோருக்கென்று காத்துவைக்கும் சட்டத்தைவிட, அதை எடுத்துத் தன் பிள்ளைக்குச் சூட்டிவிடும் தொழிலாளியின் துணிச்சல்தான் எனக்குப் பிடித்திருக்கிறது.

ஆயினும் அதே நாட்டில் 2008-இல் வெளியான ஒரு தீர்ப்பை அவ்வளவு எளிதாக என்னால் ஒதுக்க முடியவில்லை. ‘ஹவாயிலிருந்து வந்த தலூலா ஹுலா ஆடுகிறாள்’ என்று ஒரு முழு வாக்கியமே ஒரு சிறுமிக்குப் பெயராக வைக்கப்பட்டிருந்தது. பெற்றோருக்கு இடையிலான வழக்கு ஒன்றில் அவள் குடும்பநல நீதிமன்றத்துக்கு வந்தபோது அவளுக்கு ஒன்பது வயது. தன் பெயரை வெளியில் சொல்ல வெட்கப்பட்டு, தோழிகளிடம் ‘கே’ என்ற ஓர் எழுத்தை மட்டுமே சொல்லி வைத்திருந்தாள். நீதிபதி ராப் மர்ஃபிட், பெயர் மாற்றப்படும் வரை அவளை நீதிமன்றத்தின் பாதுகாப்பில் வைத்தார். இத்தனை நாடுகளின் விதிகளைப் படித்ததில், பெயரைச் சுமக்கும் பிள்ளையின் தரப்பு நேரடியாகக் கேட்கப்பட்டதாக எனக்குத் தோன்றியது இந்த ஒரு வழக்கில்தான். மற்ற இடங்களில் எல்லாம் பெற்றோரும் அதிகாரியும் பேசிக்கொள்கிறார்கள். பிள்ளை தொட்டிலில் கிடக்கிறது.

வேடிக்கைக்காகவோ வீம்புக்காகவோ வைக்கப்படும் பெயர்களைப் பற்றிச் செய்தித்தாள்கள் நிறையவே எழுதியிருக்கின்றன. ஸ்வீடனில் பெயர்ச் சட்டத்தை எதிர்த்து, வாயில் நுழையாத 43 எழுத்துகளும் எண்களும் கொண்ட பெயரை 1996-இல் ஒரு தம்பதியர் கொண்டுவந்தார்கள்; மறுக்கப்பட்டது. பிரான்சில் 1803-ஆம் ஆண்டுச் சட்டம் 1993 வரை நாட்காட்டியில் உள்ள புனிதர் பெயர்களையும் பழைய வரலாற்றுப் பெயர்களையும் மட்டுமே ஏற்றது. அது தளர்ந்த பிறகு ‘நுட்டெல்லா’ என்ற இனிப்புக் களிம்பின் பெயரை மகளுக்கு வைத்தவர்களை நீதிமன்றம் தடுத்து, ‘எல்லா’ என்று சுருக்கியது. ஜப்பானில் 1993-இல் ‘அகுமா’, அதாவது பிசாசு, என்று மகனுக்குப் பெயர் வைக்க முயன்ற தந்தையைப் பற்றி நாடே விவாதித்தது. மெக்சிகோவின் சொனோரா மாநிலம் 2014-இல் ஃபேஸ்புக், ராம்போ, ரோபோகாப் முதலிய 61 பெயர்களுக்குத் தடை விதித்தது. இவற்றையெல்லாம் படித்துச் சிரிக்கலாம்; அதற்கு மேல் இவற்றில் எனக்கு ஆர்வம் இல்லை.

சிரிக்க முடியாதது பட்டியல் போடும் பழக்கம். மலேசியாவின் தேசியப் பதிவுத் துறை 2006-இல் வெளியிட்ட விதிகளின்படி விலங்கு, பூச்சி, பழம், காய்கறி, நிறம், எண் ஆகியவற்றின் பெயர்களைப் பிள்ளைகளுக்கு வைக்கக் கூடாது. கேலிக்கு இடம் கொடுக்கும் பெயர்களைத் தவிர்ப்பதே நோக்கம் என்றார்கள், நல்ல நோக்கம்தான். என் சேர்க்கைப் பதிவேட்டின் ஏதாவது ஒரு பக்கத்தை எடுத்து இந்த விதியை அதன்மேல் போட்டுப் பார்க்கிறேன். கருப்பசாமி போனான், அவனுடைய குலதெய்வமும் கூடவே போயிற்று. பச்சையம்மாள், வெள்ளையன், நீலா, மயில், கிளியம்மாள், கனி, நாகம்மாள், ஏழுமலை ஒருவரும் மிச்சமில்லை. படகர் வீடுகளில் பாட்டன் பெயரையும் பாட்டி பெயரையும் பேரப்பிள்ளைகளுக்கு வைப்பதால் பெள்ளி, ஜோகி, போஜன், நஞ்சன் முதலிய பெயர்கள் தலைமுறை தலைமுறையாகத் திரும்பத் திரும்ப வரும். பெள்ளி என்றால் படகர்களின் மொழியில் வெள்ளி. அது உலோகமா நிறமா என்று பட்டியலோடு உட்கார்ந்திருக்கும் எழுத்தர் எப்படித் தீர்ப்பார்? நஞ்சன் என்பது நஞ்சுண்ட சிவனைக் குறிப்பது என்று அவருக்கு யார் போய்ச் சொல்வது?

பட்டியல் எழுதுகிற கை எந்த மொழியினுடையதோ, அந்த மொழிக்குப் பழக்கமில்லாத பெயர்களே முதலில் வெட்டுப்படுகின்றன. சர்வாதிகாரி பிராங்கோவின் ஆட்சியில் ஸ்பெயின் நாட்டுப் பாஸ்க் மக்களும் கத்தலான் மக்களும் தங்கள் மொழியில் பிள்ளைக்குப் பெயர் பதிய முடியவில்லை. பல்கேரியாவில் 1984-85 குளிர்காலத்தில் இலட்சக்கணக்கான துருக்கியரின் பெயர்களைப் பல்கேரியப் பெயர்களாக அரசே மாற்றியது. இறந்துபோனவர்களின் பெயர்களைக்கூட விட்டுவைக்கவில்லை. குழந்தையின் நலன் என்ற சொல்லோடு தொடங்கும் விதி எங்கே போய் நிற்கும் என்பது அதை யார் கையில் வைத்திருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது.

நம் நாட்டில் இந்தத் தொல்லை இல்லை. 1969-ஆம் ஆண்டின் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டத்தில் தடைசெய்யப்பட்ட பெயர்களைப் பற்றி ஒரு வரியும் கிடையாது. பிறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும். பெயர் முடிவாகாவிட்டாலும் பரவாயில்லை, பெயரில்லாமலே பதியலாம் என்று 14-ஆம் பிரிவு இடம் கொடுக்கிறது. பிறகு 12 மாதத்துக்குள் கட்டணமின்றியும், அதற்கு மேல் 15 ஆண்டு வரை தாமதக் கட்டணம் செலுத்தியும் பெயரைச் சேர்க்கலாம். இந்தத் தாராளத்தைத் தமிழர்கள் முழுமையாகப் பயன்படுத்திக்கொண்டார்கள் என்றே சொல்ல வேண்டும். 1953 மார்ச் மாதம் பிறந்த ஒரு குழந்தைக்கு அந்த வாரம் மறைந்த சோவியத் தலைவரின் பெயரைச் சூட்டினார் தந்தை. அந்தப் பிள்ளை பின்னாளில் தமிழ்நாட்டின் முதலமைச்சரானார். நாராயணசாமி நெடுஞ்செழியன் ஆனதும் இராமையா அன்பழகன் ஆனதும் எந்தச் சட்டத்தின் கட்டாயத்தாலும் இல்லை. 1929-இல் செங்கல்பட்டில் நடந்த சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டத்தைப் பெயரிலிருந்து நீக்கச் சொல்லித் தீர்மானம் போட்டது. அரசாங்கம் கேட்டிருந்தால் நடந்திருக்காத அந்த மாற்றம், மக்களாகச் செய்துகொண்டதால் நடந்தது.

ஆனாலும், வைத்த பெயர் வைத்தபடியே பேரேட்டில் ஏறிவிடுகிறது என்று நினைத்துவிடக் கூடாது. மலைக்கு வந்து பாருங்கள். பெள்ளியின் முதல் எழுத்து, பஸ் என்பதன் முதல் ஒலியைப் போல் ஒலிக்க வேண்டியது. தமிழில் எழுதினால் அந்த வேறுபாடு தெரியாது. தமிழ் வடிவத்தை மட்டும் பார்த்து ஆங்கிலத்துக்கு மாற்றும் சமவெளி எழுத்தரோ கணினியோ அதைப் ‘பல்’லின் பகரமாக மாற்றிவிடும். சான்றிதழில் ஒருவிதம், பள்ளியில் ஆசிரியர் சரியாக எழுதியதால் மற்றொரு விதம், ஆதாரில் மூன்றாவது விதம் என்று ஒரே குழந்தை மூன்றாகிவிடும். தோடர்களின் மொழியில் உள்ள உரசொலிகள் பலவற்றுக்குத் தமிழ் நெடுங்கணக்கில் எழுத்தே கிடையாது. ‘குட்டன்’ என்று முடியும் அவர்களுடைய ஆண் பெயர்களின் முதற்பகுதியை, காதில் விழுந்தபடி யாரோ ஒருவர் ஊகித்து எழுதியதுதான் இன்று அவர்களின் சட்டபூர்வப் பெயர். 1901-02-இல் இங்கு வந்து ஆய்வு செய்த ஆங்கிலேய மானிடவியலாளர் ரிவர்ஸ், தோடர்கள் தங்கள் பெயரைத் தாங்களே சொல்லக் கூசுவார்கள் என்றும், கேட்டால் பக்கத்தில் இருப்பவரைச் சொல்லச் சொல்வார்கள் என்றும் எழுதியிருக்கிறார். அப்படிப்பட்டவர்களை வரிசையில் நிறுத்திப் பெயர் கேட்டு எழுதிய பழைய ஏடுகளில் எவ்வளவு பிசகு இருக்கும் என்பதை நானாகக் கணக்குப் போட்டுக்கொள்கிறேன்.

தாயகம் திரும்பியோர் கதை இன்னும் சிக்கலானது. 1964 அக்டோபரில் கையெழுத்தான சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து இந்தியாவுக்கு வர வேண்டியவர்கள் என்று குறிக்கப்பட்டோர் 5,25,000 பேர். அவர்களில் பெருந்தொகையினர் நீலகிரிக்கு வந்து, அரசின் தேயிலைத் தோட்டங்களிலும் தனியார் தோட்டங்களிலும் வேலைக்குச் சேர்ந்தார்கள். எங்கள் வீட்டுக்குக் கீழ்வளைவில் அப்படி வந்த ஒரு மூதாட்டி இருக்கிறார். முதியோர் உதவித்தொகைக்கு மனு எழுதித் தரச் சொல்லி ஒரு நாள் தம்முடைய ஆவணங்களையெல்லாம் பிளாஸ்டிக் பையில் சுருட்டிக் கொண்டுவந்தார். கண்டியில் கொடுத்த கடவுச்சீட்டில், தட்டச்சின் மை நீலம் பாய்ந்துபோயிருந்த இடத்தில், தோட்டத்துப் பேரேட்டு வழக்கப்படி ‘லெட்சுமி’ என்று இருந்தது. குடும்ப அட்டையில் லட்சுமி. வாக்காளர் அட்டையில் இலட்சுமி. வங்கிப் புத்தகத்தில் லக்ஷ்மி. நான்கும் ஒருவரே என்பதற்குச் சான்று வேண்டும் என்று ஓர் அலுவலகத்தில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். “நான் ஒருத்திதாங்க சார், வேற யாரும் என் கூட வரல” என்றார் அந்த அம்மாள், நகைச்சுவையாக அல்ல, உண்மையாகவே சந்தேகத்தைத் தீர்க்கும் தொனியில். உறுதிமொழிப் பத்திரம், வட்டாட்சியர் அலுவலகம், மறுபடியும் மனு என்று அலைந்த பிறகுதான் தொகை வந்தது.

இந்த அலைச்சல் இனி குறையாது, கூடத்தான் செய்யும். 2023-இல் திருத்தப்பட்டு அந்த ஆண்டு அக்டோபர் 1 முதல் நடப்புக்கு வந்த பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டத்தின்படி, அன்றைக்கும் அதற்குப் பிறகும் பிறக்கும் பிள்ளைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை, ஓட்டுநர் உரிமம், வாக்காளர் பட்டியல், திருமணப் பதிவு, அரசு வேலை என எல்லாவற்றுக்கும் பிறந்த நாளையும் இடத்தையும் நிறுவும் சான்று பிறப்புச் சான்றிதழ்தான். அந்த ஒற்றைத் தாளில் விழும் ஓர் எழுத்துப் பிழை, பிள்ளை போகும் இடமெல்லாம் கூடவே வரும். இந்த நிலையில் எண்கணிதக்காரர் சொன்னார் என்று ஆங்கிலத்தில் ஓர் ‘ஏ’யைக் கூடுதலாகவும், எங்கும் ஒலிக்காத ஒரு ‘ஹெச்’சை நடுவிலும் செருகி, ‘த்விக்’ என்றும் ‘ஷ்விகா’ என்றும் பெயர் வைக்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு அலுப்பாக இருக்கிறது. பாட்டியால் கூப்பிட முடியாத பெயர்கள் அவை. ஆனால் என் அலுப்பை ஒரு சட்டமாக்க வேண்டும் என்று நான் கேட்க மாட்டேன்.

சட்டம் தலையிட்டிருக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. அங்கே அது வாயைத் திறக்கவில்லை. மகாராஷ்டிரத்தின் சாதாரா மாவட்டத்தில், ஆண் பிள்ளையை எதிர்பார்த்துப் பெண் பிறந்தால் ‘நகூசா’ என்று பெயர் வைக்கும் வழக்கம் இருந்தது. வேண்டாதவள் என்பது பொருள். 2011 அக்டோபரில் மாவட்ட நிர்வாகமே விழா எடுத்து 285 பெண்களுக்குப் புதுப் பெயர் வைத்தது. செய்தியைப் படித்தபோது எல்லாரும் விழாவைப் பாராட்டினார்கள். எனக்கோ, அந்தப் பெயர் முதல் தடவை எழுதப்பட்டபோது பேனாவைப் பிடித்திருந்தவர்களைப் பற்றியே எண்ணம் ஓடிற்று. ஒருவர்கூட நிமிர்ந்து பார்த்து ‘இது வேண்டுமா அம்மா’ என்று கேட்கவில்லையா? நாமும் ஒன்றும் உயர்ந்துவிடவில்லை. திருத்தணிக்கு அருகில் நாராயணபுரத்தில் ‘வேண்டாம்’ என்றே பெண்களுக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். போதும்பொண்ணு தமிழ்நாட்டில் எல்லா மாவட்டத்திலும் இருப்பாள்.

என் வகுப்பிலும் ஒருத்தி இருந்தாள், நான்கு பெண்களில் கடைசி. வருகைப் பதிவேட்டை வாசிக்கும்போது நான் ‘போ’ என்று தொடங்கியதுமே “உள்ளேன் ஐயா” என்று குரல் வந்துவிடும். பெயரை முழுதாகச் சொல்ல அவள் என்னை விட்டதே இல்லை. அடுத்த பெயர் பிரபாவதி. அந்த இரண்டு பெயர்களுக்கும் நடுவில் வகுப்பு மூச்சைப் பிடித்துக்கொண்டு சிரிக்கக் காத்திருக்கும். பத்தாம் வகுப்புத் தேர்வுப் பட்டியல் போகும் முன் மாற்றிவிடலாம் என்று அவளுடைய தகப்பனாரை வரவழைத்துப் பேசினோம். அந்தப் பெயர் வைத்த பிறகுதான் தம்பி பிறந்தான், மாற்றினால் அவனுக்கு ஆகாது என்று மறுத்துவிட்டார். பதினெட்டு வயது முடிந்ததும் அவள் தானே விண்ணப்பித்து அரசிதழில் பெயரை மாற்றிக்கொண்டாள் என்று கேள்விப்பட்டேன். புதுப் பெயர் என்ன என்பதை நான் விசாரிக்கவில்லை.

இந்த இடத்தில், ‘பார்த்தீர்களா, அதற்குத்தான் பட்டியல் வேண்டும் என்கிறோம்’ என்று யாரும் சொல்லிவிடக் கூடாது என்பதற்காகக் குப்பம்மாளைப் பற்றியும் எழுதிவிடுகிறேன். எங்கள் தெருவில் வாழ்ந்து மறைந்த ஒரு பாட்டியின் பெயர் அது. அவருக்கு முன் பிறந்தவர்கள் எல்லாரும் தொட்டிலிலேயே போய்விட்டதால், இவரையாவது எமன் கண்ணெடுத்துப் பார்க்கக் கூடாது என்று குப்பைமேட்டில் முறத்தோடு கிடத்தி, பக்கத்து வீட்டுக்காரி எடுத்துக்கொள்ள, அவளிடமிருந்து பிடி தவிட்டைக் கொடுத்துத் திரும்ப வாங்கினார்களாம். இந்தக் கதையைச் சொல்லும்போது அவருடைய முகத்தில் இருந்த பெருமையைச் சீமாட்டிகளிடம்கூட நான் பார்த்ததில்லை. பட்டியல்காரர் ‘குப்பை’யைப் பார்த்ததும் வெட்டிவிடுவார்; ‘போதும்பொண்ணு’வில் அவருக்குத் தவறான சொல் எதுவும் தென்படாது. ஒன்றைப் பெற்றோர் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வைத்தார்கள், மற்றொன்றைப் பிறந்தவளின் முகத்தைப் பார்க்க மனமில்லாமல் வைத்தார்கள். இந்த வேறுபாடு எழுத்தில் இல்லை. அந்த வீட்டுக்குள் இருக்கிறது, அந்தப் பெண்ணுக்குத் தெரியும்.

அதனால் என்னைக் கேட்டால், பதிவாளருக்கு மறுக்கும் அதிகாரம் எதுவும் கொடுக்க மாட்டேன். பிரான்சில் இப்போது இருக்கும் முறை எனக்கு ஓரளவு ஏற்புடையதாகத் தோன்றுகிறது: பெயரைப் பதிந்தே ஆக வேண்டும், பிள்ளைக்குத் தீங்கு என்று பதிவாளருக்குத் தோன்றினால் அரசு வழக்கறிஞருக்குத் தெரிவிக்கலாம், முடிவு நீதிபதியிடம். நம் நீதிமன்றங்களுக்கும் பிள்ளையின் பாதுகாவலராக நின்று முடிவெடுக்கும் அதிகாரம் உண்டு. பெயர் குறித்துத் தாயும் தந்தையும் ஒத்துப்போகாததால் பெயரே இல்லாமல் இருந்த ஒரு குழந்தைக்கு, 2023-இல் கேரள உயர் நீதிமன்றம் தானே பெயரைத் தெரிவு செய்து கொடுத்தது. அதைவிட அவசரமான தேவை, தன் பெயரால் கூசி நிற்கும் பெண் பதினெட்டு வயது வரை காத்திராமல், பெற்றோரின் கையெழுத்தும் தேவைப்படாமல், பள்ளியின் வழியாகவே மாற்றிக்கொள்ள ஒரு வழி. அப்படி ஒரு வழி இருந்திருந்தால் என் மாணவி அந்தத் தேர்வை வேறு பெயரில் எழுதியிருப்பாள்.

மலையில் புதிதாகப் பிள்ளை பெற்றிருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். மருத்துவமனையிலிருந்து வீட்டுக்குப் போகும் அவசரத்தில் வாயால் பெயரைச் சொல்லிவிட்டு வராதீர்கள். தமிழிலும் ஆங்கிலத்திலும் நீங்களே பெரிய எழுத்தில் தாளில் எழுதிக் கொடுங்கள். தாய், தந்தை பெயர்களையும் உங்கள் ஆதாரில் உள்ளபடியே எழுதுங்கள். எங்கள் ஊர்ப் பெயர்களுக்கு எந்த ஆங்கில எழுத்து என்பதை உங்கள் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் ஆசிரியரிடம் கேட்டாலே போதும். பெயர் முடிவாகவில்லை என்றால் பெயரில்லாமலே பதிந்துவிட்டு வாருங்கள், பன்னிரண்டு மாதம் இருக்கிறது. சான்றிதழ் கைக்கு வந்ததும் அங்கேயே நின்று எழுத்தெழுத்தாகப் படித்துப் பாருங்கள். பிழை இருந்தால் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டத்தின் 15-ஆம் பிரிவின்படி திருத்தக் கேட்கலாம்; பிள்ளை பள்ளிக்குப் போகும் வரை அதைத் தள்ளிப்போட வேண்டாம்.